பச்சைப் பூவரசங்கட்டை கிடைச்சிருக்கு, கரண்டி செதுக்க எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு நீடாமங்கலம் பக்கம். கரண்ட் கம்பியில உரசுதுன்னு எங்க கொல்லையில நிக்கிற பூவரசுல ரெண்டு கிளைய வெட்டிப் போட்டிருக்காங்க. ஒண்ணு தொடை தடிமன், நேரா இருக்கு. இன்னொன்னு கை தடிமன்தான், ஆனா நடுவுல நல்லா வளைஞ்சிருக்கு. வீட்ல வெந்நீர் அடுப்புக்கு ஆச்சுன்னு சொல்லிட்டாங்க, நான்தான் வேணாம்னு திண்ணை ஓரமா எடுத்துப் போட்டு வச்சிருக்கேன். வெட்டின வாய்ல உள்ள பாத்தா நடுவுல சாக்லேட் கலர், சுத்தி வெள்ளை, அவ்ளோ அழகா இருக்கு, அத எரிக்க மனசு வரல.

அம்மா இன்னும் வத்தக்குழம்பு கல்சட்டியிலதான் வைப்பாங்க. எவர்சில்வர் கரண்டி பட்டு பட்டு சட்டி விளிம்புல சில்லு பேர ஆரம்பிச்சிருச்சு. மரக்கரண்டி கடையில வாங்கித் தரலாம்தான், ஆனா வாங்கினதெல்லாம் தட்டையா மெஷின்ல அறுத்தது, குழம்பு அள்ளவும் முடியாது, கொஞ்ச நாள்ல நார் நாரா பிரிஞ்சுடுது. எங்க மரத்துலேருந்தே ஒரு குழிக்கரண்டியும் ஒரு துடுப்பும் செஞ்சு தரணும்னு ஆசை.

என் கேள்வி இதுதான். கட்டையோட ரெண்டு முனையிலயும் இப்பவே மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்துருக்கு. ஒரு வருஷம் காய விட்டுத்தான் செதுக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு, பச்சையிலயே செதுக்குன்னு வீடியோவுல எல்லாம் சொல்றாங்க, எது சரி? அப்புறம் குழி எடுக்கறதுக்கு என்ன சாமான் வேணும், எங்கிட்ட இருக்கறது ஒரு வெட்டருவா, ஒரு கோடாலி, அரை இஞ்ச் உளி, அவ்ளோதான். கடைசியா வார்னிஷ் அடிக்கலாமா இல்ல எண்ணெய் மட்டும் போதுமா? ஆத்துல தண்ணி தொறந்து விட்டா மரத்துண்டு நிறைய ஒதுங்கும், அதுல எதெல்லாம் சமையலுக்கு எடுக்கலாம்னும் தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும்.

---

உளிச்சத்தம்:

தம்பி, நமக்கு கும்பகோணம், பரம்பரை மரவேலை. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்தக் கட்டைய காப்பாத்துங்க. வெடிப்பு எவ்ளோ தூரம் போயிருக்கோ அதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி ரம்பத்துல அறுத்து எடுத்துட்டு, புதுசா தெரியுற முனைக்கு பசுஞ்சாணிய கெட்டியா அப்பிடுங்க, இல்ல மெழுகு உருக்கி தடவுங்க, பழைய பெயின்ட் இருந்தாலும் சரிதான். ஈரச்சாக்கு போட்டு மூடி வெயிலும் காத்தும் படாத இடத்துல போட்ருங்க. திண்ணை ஓரம் கூடாது, அனல் காத்து நேரா அங்கதான் அடிக்கும். கொல்லையில குட்டை கிட்டை இருந்தா அதுல அமுக்கிப் போட்டாலும் நல்லது, மூங்கிலையும் பூவரசையும் நம்ம பக்கம் அப்படித்தான் ஊறப் போடுவாங்க, மரத்துல இருக்க மாவு கரைஞ்சு போயிடும், பின்னாடி வண்டு வச்சு உளுத்துப் போகாது.

ஏன் வெடிக்குதுன்னு புரிஞ்சுகிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பச்சை மரத்துல தண்ணி நெறைய நிக்கும், அது முதல்ல வத்துறப்ப மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு கீழ போகுறப்பதான் சுருங்க ஆரம்பிக்கும். அதுவும் எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்ல, நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணுமே சுருங்காது, வளையத்தோட சுத்துவாக்குல சுருங்குறது நடுவுலேருந்து வெளிய போற வாக்குல சுருங்குறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. முழு உருளையா இருக்கப்ப அந்த வித்தியாசம் எங்க போகும், நடுப்புள்ளியிலேருந்து வெளி வரைக்கும் பொளந்துகிட்டுதான் போகும். அதனால முழுசா வச்சு காய விடாதீங்க, நடுவாக்குல ரெண்டா பொளந்துடுங்க, அந்த நடுப்புள்ளி கரண்டியில எங்கயும் வரவே கூடாது. இது ஒண்ண மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்ராதீங்க.

ஒரு வருஷம் காய விடுன்னு சொன்னவரு கதவு ஜன்னல் கணக்குல சொல்லியிருக்காரு. அதுக்கு அது சரி. கரண்டி சின்ன சாமான், மெல்லிசு, பச்சையிலயே செதுக்கிட்டா மரம் தன்னால கொஞ்சம் கோணி சுருங்கிக்கும் ஆனா வெடிக்காது. காய்ஞ்ச பூவரசு வைரத்துல, அதான் நடுவுல இருக்க அந்த சாக்லேட் கலர் மரத்துல, குழி எடுத்துப் பாருங்க, உளி மழுங்கும், கை மரத்துப் போகும். பச்சையில அதே வைரம் வெள்ளரிக்கா மாதிரி சீவிக்கிட்டு வரும்.

பொளக்குறதுக்கு ரம்பம் எடுக்காதீங்க. கோடாலி வாய முனையில நடுப்புள்ளி மேல வச்சு ஒரு கட்டையால தட்டுங்க, கொஞ்சம் திறந்தா மரத்துலயே ஒரு ஆப்பு சீவி இறக்குங்க. பொளந்து வர்ற முகத்த நல்லா பாருங்க, நார் எப்படி ஓடுதோ அப்படியேதான் பொளக்கும், பூவரசுல சமயத்துல முறுக்கிக்கிட்டு போகும், அது எந்தப் பக்கம் போகுதுன்னு அங்க தெரிஞ்சுடும். கடையில வாங்குன கரண்டி ஏன் நார் நாரா பிரியுதுன்னா, மெஷினுக்கு நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு கவலை இல்ல, பலகையில படம் வரைஞ்ச மாதிரி அறுத்துட்டுப் போயிடும், காம்புக்கு குறுக்க நார் வெட்டுப்பட்டு நிக்கும், அங்கதான் உடையும்.

இப்ப அந்த வளைஞ்ச கிளைக்கு வர்றேன். நேர் கட்டைய விட அதுதாங்க உங்களுக்கு கிடைச்ச புதையல். குழிக்கரண்டிக்கு காம்பு மேல தூக்கி நிக்கணும் இல்லையா, நேர் கட்டையில அந்த வளைவ செதுக்கினா கழுத்துல நார் அறுந்துடும். வளைஞ்ச கிளைய நடுவுல பொளந்தீங்கன்னா வளைவோடயே நாரும் கூட ஓடி வரும், குழியிலேருந்து காம்பு நுனி வரைக்கும் ஒரே நார். எங்க தாத்தா காலத்துல ஏர்க்கலப்பைக்கு இப்படித்தான் கருவேலமரத்துல இயற்கையா வளைஞ்ச கொம்பா தேடிக்கிட்டு படுகை படுகையா போவாங்க.

செதுக்குறது இப்படி. காம்பையும் வெளி உருவத்தையும் முதல்ல அழகு பண்ணாதீங்க. பொளந்த முகத்துல கரண்டி முகத்த வரைஞ்சு குழிய முதல்ல எடுங்க, கட்டை தடியா இருக்கப்பதான் பிடிக்க வசதி. நக உளியும் (நகம் மாதிரி வளைஞ்ச வாய் உள்ள உளி) கொட்டாப்புளியும் (மரச்சுத்தியல்) இருந்தா வேலை சுருக்கா ஆகும், நாருக்கு குறுக்குவாக்குல ரெண்டு ஓரத்துலேருந்தும் நடுவ பாத்து வாங்குங்க, நாரோட போனா உளி ஆழமா இறங்கி அந்தப் பக்கம் பேத்துக்கிட்டு போயிடும். குழி வந்தப்புறம் வெளிப்பக்கத்த வெட்டருவாளாலயே தட்டித் தட்டி எடுக்கலாம். குழியோட சுவரு இப்ப மூணு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) கனம் இருக்கட்டும், எல்லா இடத்துலயும் ஒரே கனம் முக்கியம், அடியில தடிப்பா ஓரத்துல மெல்லிசா விட்டீங்கன்னா ஓரம் முன்னாடி காய்ஞ்சு வெடிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு கிள்ளிக்கிட்டே சுத்தி வாங்க, கை சொல்லிடும் எங்க தடிப்புன்னு.

கழுத்துல மட்டும் கவனம். காம்பிலேருந்து கழுத்துக்கு இறங்குறப்ப கத்தி ஒரு திசை, கரண்டித் தலையிலேருந்து கழுத்துக்கு வர்றப்ப எதிர் திசை, ரெண்டும் கழுத்துல வந்து சந்திக்கணும். எப்பவும் மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் சீவணும். சீவுறப்ப மரம் பொசுபொசுன்னு கிழிஞ்சுதுன்னா திசை தப்புன்னு அர்த்தம், திருப்பிப் பிடிங்க.

இந்த அளவுல நிறுத்திட்டு, சீவல் குப்பையையே ஒரு சாக்குப் பையில போட்டு அதுக்குள்ள கரண்டிய புதைச்சு வீட்டுக்குள்ள நிழல்ல வச்சிடுங்க. அந்த ஈரச் சீவலோடயே மெதுவா காயும். நாலஞ்சு நாளுக்கு ஒருக்கா கிளறி விடுங்க, இல்லாட்டி நம்ம ஊரு புழுக்கத்துக்கு பூஞ்சை பிடிச்சுடும். ரெண்டு மூணு வாரத்துல கனம் குறையறது நின்னுடும், பலசரக்கு தராசுல வச்சுப் பாத்தா தெரியும். அப்புறம் ஒன்றரை நூலுக்கு சுவர இறக்கி மெருகு வேலை.

---

சமையக்கட்டு:

தம்பி, உளிச்சத்தம் அண்ணன் மரத்த பத்தி சொல்லிட்டாங்க, நான் அடுப்புப் பக்கத்துலேருந்து சொல்றேன். நான் திருவையாறு. எங்க வீட்ல இன்னமும் மரச்சாமான்தான் அதிகம் புழங்குறோம். செய்யுறதுக்கு முன்னாடி அம்மா என்ன சமைக்கிறாங்க, எந்த சட்டியில கிண்டுறாங்கன்னு நின்னு பாருங்க. நிறைய பேரு இத பாக்காம பாக்க அழகா இருக்கற கரண்டியா செஞ்சிட்டு அது ஷோகேஸ்ல போய் உக்காந்துடுது.

கல்சட்டி அடி வளைவா இருக்கும். குழிக்கரண்டியோட முன் விளிம்பு அந்த வளைவோட ஒட்டிப் போகணும், அப்பதான் அடியில தங்குன சுண்டைக்காயும் மணத்தக்காளியும் அள்ள வரும். ஒரு அட்டைய எடுத்து சட்டி உள்ள வச்சு வளைவ வெட்டி அத கட்டை மேல வச்சு வரைஞ்சுக்கோங்க, வேலை சுலபம். குழி ரொம்ப ஆழமா வேணாம், மரத்துல ஆழக்குழி எடுத்தா மூலையில குழம்பு ஒட்டிக்கிட்டு கழுவ வராது. ஓரத்துல மூக்கு மாதிரி லேசா ஒரு இறக்கம் குடுத்தீங்கன்னா ஊத்துறப்ப சொட்டாது.

துடுப்பு வேற கணக்கு. அசோகா, அதான் பாசிப்பருப்பு அல்வா, கிண்டுறதா இருந்தாலும் சரி, களி கிண்டுறதா இருந்தாலும் சரி, முனை உருண்டையா இல்லாம தட்டையா இருக்கணும், வாணலி அடியில முழு அகலத்துக்கும் உரசிக்கிட்டு போகணும். பாசிப்பருப்பு சட்டுனு அடி பிடிக்கிற சாமான், உருண்ட முனை துடுப்பு ஒரு கோடுதான் இழுக்கும், மிச்ச இடம் தீஞ்சு போகும். அந்த தட்டை முனைய நேர்குறுக்கா வெட்டாம கொஞ்சம் சாய்வா வெட்டுங்க, வலது கைக்காரங்களுக்கு ஒரு சாய்வு, இடது கைக்காரங்களுக்கு அதுக்கு எதிர் சாய்வு. காம்பு நல்ல நீளமா, ஒண்ணேகால் அடிக்கு குறையாம விடுங்க, அல்வா கொதிச்சு தெறிக்கிறப்ப கை தள்ளி நிக்கணும்ல. காம்பு உருட்டா வேணாம், முட்டை வடிவத்துல இருந்தா கையில சுழலாது. எங்க மாமியார் புழங்குன துடுப்புல கட்டைவிரல் வைக்கிற எடத்துல மட்டும் ஒரு சின்ன பள்ளம் விழுந்திருக்கும், அத தொட்டுப் பாத்தாலே எப்படி பிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுடும், புதுசா செய்யுறவங்க அந்த எடத்த முன்கூட்டியே யோசிச்சு எடுத்தா கை வலிக்காது.

எந்த மரம்னு கேட்டா பூவரசு கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். ஹவாய் தீவுல இதே மரத்த மிலோன்னு சொல்றாங்க, அங்க பழங்காலத்துலேருந்து சாப்பாட்டுக் கிண்ணம் இதுலதான் குடைஞ்சிருக்காங்க, சாப்பாட்டுல மர ருசி ஏறாதுங்கறதுதான் காரணம். புளியங்கட்டை உறுதியோ உறுதி, கறிக்கடைக்காரங்க வெட்டுற கட்டை அதானே, மத்துக்கும் துடுப்புக்கும் நல்லது ஆனா செதுக்குறவங்க பாடு. கொய்யா கிளை கிடைச்சா விடாதீங்க, நெருக்கமான மரம், வழுவழுன்னு வரும், சின்ன ஸ்பூனுக்கு அருமை. பலா மஞ்சளா அழகா இருக்கும், தஞ்சாவூர் வீணையே பலாவுலதான் செய்யுறாங்க, 2013ல அதுக்கு புவிசார் குறியீடும் கிடைச்சுது. வேம்பு பச்சையில கசக்கும், அதுல செஞ்சா காய்ஞ்சப்புறம் உப்புத்தண்ணியில ரெண்டு தரம் கொதிக்க வச்சு தண்ணிய கொட்டிட்டு பாருங்க, பால் பாயசத்துக்கு மட்டும் நான் வேம்பு போட மாட்டேன், மத்ததுக்கு போடுவேன்.

மரமே வேணாம்னு தோணுற ஒரு வேலையும் இருக்கு, சாதம் எடுக்குறதுக்கும் ரசம் விளாவுறதுக்கும் கொட்டாங்கச்சி அகப்பைய மிஞ்சி ஒண்ணும் கிடையாது. நல்லா முத்தின தேங்காயோட கண் இல்லாத பாதி மூடிய எடுத்து, தேங்காய சுரண்டிட்டு, வெளி நார கண்ணாடிச் சில்லால சுரண்டிட்டு, விளிம்புக்கு கீழ எதிரெதிரா ரெண்டு ஓட்டை போட்டு மூங்கில் காம்ப சீவி சொருக வேண்டியதுதான். முதல் கை வேலைக்கு இதையும் ஒண்ணு செஞ்சு பாருங்க தம்பி, கை பழகும்.

---

அலையாத்தி:

நண்பரே, நான் முத்துப்பேட்டை. ஆத்துல ஒதுங்குற மரம் பத்தி கேட்டீங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இதுல விளையாட்டு கூடாது.

உங்க வெண்ணாத்துல ஒதுங்குறத விட எங்க பக்கம் கழிமுகத்துல ஒதுங்குறது ஆபத்து ஜாஸ்தி. அலையாத்திக் காட்டுல தில்லை மரம் உண்டு, சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்த அதே மரம்தான். அதோட பால் கண்ணுல பட்டா பார்வை போற அளவுக்கு எரிச்சல், தோல்ல பட்டா கொப்பளம். மரம் வெள்ளையா மெதுவா இருக்கும், செதுக்க நல்லா இருக்கும்போல தெரியும், கிட்டவே போகாதீங்க. பால் வர்ற எந்த மரத்தையும் என்ன மரம்னு உறுதியா தெரியாம தொடாதீங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. அரளி, செவ்வரளியோ மஞ்சள் அரளியோ எதுவானாலும் கிளை இலை பூ எல்லாமே விஷம், சமையலுக்கு ஒரு குச்சி கூட ஆகாது. எட்டி, கள்ளி, காட்டாமணக்கு இதெல்லாமும் அந்த வரிசைதான். மாமரம் விஷம் இல்ல, ஆனா பச்சையில அதோட பால் சில பேருக்கு தோல்ல அரிப்பு கொண்டு வரும், பாத்துக்கோங்க.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் விழாத மரம் இல்ல. தென்னைய பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா வேம்பும் புளியும் பலாவும் பூவரசும் தெரு தெருவா கிடந்துச்சு, வழிய மறிச்சதெல்லாம் அறுத்து விறகா போச்சு. நான் எடுத்து வச்ச கொஞ்சம் பலாவும் புளியும்தான் எனக்கு இந்த வேலைய கத்துக் குடுத்துச்சு. அப்ப தென்னங்கட்டையிலயும் செஞ்சு பாக்கணும்னு நிறைய பேரு கேட்டாங்க. தென்னைக்கு வளையமும் கிடையாது வைரமும் கிடையாது, புல் வகை மாதிரி உள்ள ஊசி ஊசியா நார்க்கட்டுதான் ஓடும், வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, உள்ள போகப் போக மெத்துன்னு சோறு மாதிரி. வெளிப்பக்கத்துல காம்பு, சாப்ஸ்டிக், தோசைத்திருப்பி மாதிரி தட்டையான சாமான் வரும், குழி எடுத்தா விளிம்பு சிலாம்பா நிக்கும், கையில ஏறுச்சுன்னா சீழ் வைக்கும்.

சவுக்கு எங்க பக்கம் ஏகப்பட்டது, விறகுக்கு ராஜா, கரண்டிக்கு கூடாது, காயக் காய வெடிச்சுக்கிட்டே இருக்கும். கரையில ஒதுங்குறதுல பழைய படகுப் பலகை, பெயின்ட் அடிச்சது, தார் பூசினது, பேக்கிங் பெட்டி கட்டை இதெல்லாம் எவ்ளோ அழகா இருந்தாலும் உணவுக்கு எடுக்காதீங்க, என்ன மருந்து ஏத்திருக்காங்கன்னு பாத்து சொல்ல முடியாது. தண்ணியில ரொம்ப நாள் ஊறினத நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்தா உள்ள செத்துப் போச்சுன்னு விட்ருங்க.

இன்னொன்னு. ஆத்தங்கரை, வாய்க்கா கரை, ரோட்டோரம் நிக்கிற மரம் எல்லாம் அரசாங்கத்து மரம், கிளை முறிஞ்சு விழுந்து கிடந்தாலும் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி விஏஓ கிட்டயோ அந்தத் துறை ஆளுங்ககிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது. உங்க கொல்லை மரம்னா பிரச்சனையே இல்ல.

---

வெண்ணாத்தங்கரை:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலையிலயே முனைய அறுத்து சாணி அப்பிட்டேன், வளைஞ்ச கிளைய ஆப்பு வச்சு பொளந்துட்டேன், அண்ணன் சொன்ன மாதிரியே வளைவோட சேந்து பொளந்து வந்துச்சு, உள்ள முகத்துல வைரம் ஒரு பக்கமா ஒதுங்கி பட்டையா ஓடுது. குழி வைரத்துல வரணுமா வெள்ளையில வரணுமா? நக உளி இங்க கடையில கிடைக்கல, ஆன்லைன்ல வளைஞ்ச கத்தி பாத்தேன், ஸ்வீடன் மோரா 164ன்னு ஒண்ணு, விலைய பாத்தா யோசனையா இருக்கு. நம்ம கொல்லுப்பட்டறையில செஞ்சுக்க முடியுமா? எண்ணெய் விஷயத்த இன்னும் யாரும் சொல்லல.

---

குடமுருட்டி:

எண்ணெய் பத்தி நான் சொல்றேன். நான் பாபநாசம், கொஞ்ச வருஷமா ஸ்பூன் செதுக்கி தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டு இருக்கேன்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற குழம்புல முக்கி எடுக்குற சாமான், ஆறு மாசத்துல தோல் உரிஞ்சு சோத்துல வரும். தேங்காயெண்ணெய் தடவலாம்னு சொல்லுவாங்க, அது காத்துல காய்ஞ்சு கெட்டியாகுற எண்ணெய் கிடையாது, மரத்துக்குள்ள அப்படியே ஈரமா நின்னு சிக்கு வாடை வந்துடும். ஆளிவிதை எண்ணெய், செக்குல ஆட்டினது, சாப்பிடுறதுக்குன்னே விக்கிறத வாங்குங்க. அது காத்துல இருக்க ஆக்சிஜன இழுத்து மரத்துக்குள்ளயே இறுகிடும். ஹார்டுவேர் கடையில லின்சீட் ஆயில்னு வாங்கிடாதீங்க, அதுல பாயில்டுன்னு போட்டிருந்தா சீக்கிரம் காயுறதுக்காக கோபால்ட் மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலந்திருப்பாங்க, அது கதவுக்கு. கரண்டிய லேசா வெயில்ல சூடு பண்ணி எண்ணெய தாராளமா தடவி ராத்திரி பூரா விட்டு, காலையில மிச்சத்த சுத்தமா துடைச்சுடணும், மேல பிசுக்கா நின்னா அது ஒட்டிக்கிட்டே இருக்கும். நல்லா இறுக ரெண்டு மூணு வாரம் ஆகும், பொறுமையா இருங்க. கடைசியா கொஞ்சம் தேன்மெழுக அதே எண்ணெய்ல உருக்கி தேய்ச்சா கைக்கு நல்லா இருக்கும்.

முக்கியமானது ஒண்ணு. ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்றாதீங்க. எண்ணெய் இறுகுறப்ப சூடு கிளம்பும், துணி சுருட்டி இருந்தா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிச்சுக்கும், நிஜமா. கொடியில விரிச்சுப் போடுங்க, இல்ல தண்ணியில நனைச்சு போடுங்க.

மெருகுக்கு உப்புத்தாள் 120ல ஆரம்பிச்சு 240, 400ன்னு போங்க. நடுவுல ஒரு தரம் கரண்டிய தண்ணியில நனைச்சு காய விட்டா நார் எல்லாம் முடி மாதிரி எழுந்து நிக்கும், அத மறுபடி தேய்ச்சு எடுத்துட்டா அப்புறம் குழம்புல போட்டாலும் சொரசொரப்பு வராது. திருச்சிக்கு மேக்க திருப்பராய்த்துறை இருக்கே, அந்தக் கோயில் தலமரம் பராய், அதோட இலை ரெண்டு பக்கமும் உப்புத்தாள் மாதிரியே சொரசொரன்னு இருக்கும், அந்தக் காலத்துல மரத்தையும் தந்தத்தையும் தேய்க்க அதுதான். உங்க பக்கம் வேலியில பராய் நின்னா காய்ஞ்ச இலையில கடைசி தேய்ப்பு தேய்ச்சுப் பாருங்க, அந்த மெருகு 400 தாள்ல வராது.

---

சமையக்கட்டு:

குடமுருட்டி தம்பி சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்க வீட்ல பாட்டி காலத்துலேருந்து நல்லெண்ணெய்தான். சிக்கு வாடை ஒரு நாளும் வந்ததில்ல. தினம் சூட்டுல புழங்கி தினம் கழுவி வெயில்ல வைக்கிற கரண்டியில எண்ணெய் நின்னு கெடுறதுக்கு நேரம் ஏது? எடுத்து வச்சு எப்பவாவது புழங்குறதுக்கு ஆளிவிதை எண்ணெய், தினப்படி கரண்டிக்கு நல்லெண்ணெய்னு வச்சுக்கலாம். புதுக் கரண்டிய முதல் தடவை வடிகஞ்சியில ஒரு ராத்திரி ஊறப் போட்டுட்டு அப்புறம் புழங்க ஆரம்பிங்க. ஊற விடுறது அந்த ஒரு தடவைதான், அதுக்கப்புறம் தொட்டியில பாத்திரத்தோட முக்கி வைக்காதீங்க, சமைச்ச உடனே கழுவி தலைகீழா தொங்க விட்டுடணும். புளிக்குழம்புக்கு ஒண்ணு, பாலுக்கு ஒண்ணுன்னு தனியா வச்சுக்கிட்டா வாடை மாறாது. மஞ்சள் கறை பிடிக்கும், அத தேய்க்காதீங்க, வெயில் பட்டா தன்னால மங்கிடும்.

---

உளிச்சத்தம்:

நல்லெண்ணெய் ரெண்டுக்கும் நடுவுல, பாதி இறுகும், அதனாலதான் அக்கா வீட்ல தாங்குது. தேங்காயெண்ணெய்க்கு அது கூட கிடையாது.

தம்பி, குழி வைரத்துல வரட்டும், ஓரம் வெள்ளைக்கு வந்தா பரவாயில்ல, ஆனா குழிச்சுவரு பாதி வைரம் பாதி வெள்ளையா ரொம்ப மெல்லிசுல மாறுற மாதிரி வைக்காதீங்க. வெள்ளையிலதான் வண்டு முதல்ல வைக்கும். காம்புல ஒரு ஓரம் வெள்ளைக் கோடு ஓடுனா பாக்க நல்லாவும் இருக்கும்.

கத்தி நம்ம கொல்லுப்பட்டறையிலயே ஆகும், வெளிநாட்டு கத்தி ஒண்ணும் வாங்க வேணாம். தேய்ஞ்சு போன பழைய அரம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, நல்ல எஃகு அது. லாரி ஸ்பிரிங் பட்டை அருவாளுக்கும் வாச்சிக்கும் சரி, இந்த சின்ன கத்திக்கு தடிமன். நீட்டித் தட்டி சுண்டுவிரல் அகலத்துக்கு மெல்லிசா எடுத்து, நுனிய அம்பது காசு ரவுண்டுக்கு அரை வட்டமா வளைக்கச் சொல்லுங்க, அதுக்கும் சின்ன வட்டம் வேணாம், குழியில சிக்கிக்கும். தண்ணி காட்டுறதுக்கு (பழுக்க காய்ச்சி தண்ணியில முக்குறதுக்கு) பதிலா எண்ணெய்ல தோய்க்கச் சொல்லுங்க, அப்புறம் வைக்கோல் கலர் வர்ற வரைக்கும் மறுபடி இளஞ்சூடு காட்டணும், அத விட்டா கத்தி கண்ணாடி மாதிரி உடையும். கொல்லருக்கு இது தெரியாம இருக்காது, ஆனா அருவா அடிக்கிற அவசரத்துல விட்டுடுவாரு, நின்னு கேளுங்க. சாணை ஒரு பக்கம் மட்டும் பிடிங்க. வீட்ல தீட்டுறதுக்கு மூங்கில் குச்சியில உப்புத்தாள சுத்தி உள்பக்கம் உருட்டினா போதும். பிடி அந்த பூவரசுலயே போட்டுக்கோங்க, கை நிறைய இருக்கணும், பேனா தடிமனுக்கு போட்டா மணிக்கட்டு போயிடும்.

அந்தக் கத்திய நம்ம பக்கமா இழுத்துத்தான் சீவணும், அதனால இடது கை கட்டைவிரலுக்கு பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி மாட்டிக்கோங்க, கட்டைவிரல் எப்பவும் கரண்டி விளிம்புக்கு கீழ இருக்கணும், மேல வரக்கூடாது. குழி எடுக்கறப்ப நெஞ்சுக்கு நேரா வச்சு இழுக்காதீங்க, முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு மணிக்கட்ட மட்டும் திருப்புங்க, அப்ப கத்தி தப்பினாலும் தூரம் போகாது. சீவல் சுருள் சுருளா விழுந்தா தீட்டு சரி, தூளா விழுந்தா நிறுத்திட்டு தீட்டுங்க.

பொளந்த மறு பாதிய ஈரச்சாக்குல சுத்தி வச்சிடுங்க தம்பி, அதுல துடுப்பு செய்ய வேணாம், துடுப்பு நேர் கட்டையில வரட்டும், இதுல இன்னொரு குழிக்கரண்டி வரும். முதல் கரண்டி காய்ஞ்சு எவ்ளோ கோணுதுன்னு பாத்துட்டு ரெண்டாவத ஆரம்பிங்க, கத்தி அடிச்சு வந்ததும் போட்டோ போடுங்க, வளைவு சரியான்னு பாத்து சொல்றேன்.